ஹெபடைடிஸ் சி: முதல் பரிசோதனையிலிருந்து முழுக்குணம் வரை, பினாங்கில் உள்ள நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியைப் பற்றிச் சொன்னால் நம் வீடுகளில் உடனே வரும் கேள்வி, "கண்ணு மஞ்சளா இருக்கா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இருந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். இந்தக் கிருமிக்கு இரண்டுமே உதவாது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இருபது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, ரத்த வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் கல்லீரல் சுருங்கிப்போனது தெரியவரும்.

இதற்கு மருந்து இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மருந்து இருக்கிறது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஆட்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். முதல் பரிசோதனைக்கு வந்தவர் இரண்டாவதற்கு வருவதில்லை. இரண்டாவதை முடித்தவர் மருந்து வாங்க வருவதில்லை. மருந்தை முடித்தவர் கடைசிப் பரிசோதனையை விட்டுவிடுகிறார். எந்தெந்த இடத்தில் ஆள் விட்டுப்போகிறார், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1989இல்தான். கண்டுபிடிப்புக்குப் பங்களித்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. இது ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமி. தொற்றியவர்களில் சுமார் 30 விழுக்காட்டினரின் உடல் ஆறு மாதத்துக்குள் தானாகவே அதை விரட்டிவிடும். மீதிப் பேருக்கு அது கல்லீரலில் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்கம் வரலாம். குடிப்பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, 1989 முதல் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். சி-க்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

2009ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஒரு மதிப்பீடு, மலேசியாவில் 15 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கு, அதாவது நான்கரை லட்சம் பேருக்கு, இந்தத் தொற்று இருக்கலாம் என்றது. புதிய மாத்திரைகள் வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2017 செப்டம்பரில், டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, சோஃபோஸ்புவிர் மருந்தின் மலிவான வகையை அரசாங்கமே தருவிக்க வழி செய்தார்கள். ஹெபடைடிஸ் சி மருந்துக்கு உலகிலேயே முதன்முதலில் அப்படிச் செய்த நாடு நம்முடையது. 2018 மார்ச்சில் 18 அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை தொடங்கியது. பிறகு பரிசோதனையும் சிகிச்சையும் சுகாதாரக் கிளினிக்குகளுக்கும் வந்தன. எனக்கு இது பெருமையான விஷயம். அந்த முயற்சியின் பலன் நம் ஆட்களுக்கு எட்டாமல் போவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

படி 1: நீங்கள் பரிசோதிக்க வேண்டியவரா?

ஊசி போட்டுப் போதைப்பொருள் எடுத்தவர்களுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் அதிகமானோருக்குத் தொற்றியது அந்த வழியில்தான். ஆனால் நம் குடும்பங்களில் யாரும் யோசிக்காத இன்னொரு கூட்டம் இருக்கிறது: 1970களிலும் 80களிலும் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மாக்கள். தானமாக வரும் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் வழக்கம் 1990களின் நடுவில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் ரத்தம் ஏற்றியவர், பெரிய ஆபரேஷன் செய்தவர், விபத்தில் அடிபட்டு ரத்தம் வாங்கியவர் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று அவர்களுக்கு அறுபது, எழுபது வயது. "எனக்கு எதுக்குப்பா அந்தச் சோதனை?" என்று கேட்கும் பாட்டியைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் சமூகத்தில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டயாலிசிஸ் மையங்களில் இந்தப் பரிசோதனையைக் குறித்த இடைவெளியில் செய்வார்கள். உங்கள் கடைசி முடிவு என்ன, எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் இளவயதில், பகிர்ந்த ஊசியைப் போட்டிருந்தாலும் அது கணக்கில் வரும். சிறையில் இருந்தவர்கள், கண்ட இடத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், தொற்று உள்ள தாய்க்குப் பிறந்தவர்கள், தொற்று உள்ளவரின் வாழ்க்கைத் துணை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி காரணமின்றி ஏறியிருப்பவர்கள், இவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை செய்துகொள்வதற்காக ரத்ததான முகாமுக்குப் போகாதீர்கள். தொற்றிய புதிதில் சில வாரங்களுக்குச் சோதனையில் பிடிபடாத காலம் ஒன்று உண்டு. அந்த ரத்தம் இன்னொருவருக்குப் போய்ச் சேரலாம்.

படி 2: முதல் பரிசோதனை

பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்குக்கு ஐசியோடு போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். கவுண்டரில் "சாரிங்கான் ஹெபடைடிஸ் சி" (ஹெபடைடிஸ் சி பரிசோதனை) என்று சொன்னால் போதும், காரணத்தை எல்லார் முன்னாலும் விளக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். போன கையோடு ஹெபடைடிஸ் பி-யையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கும்போது அந்த முடிவு எப்படியும் தேவைப்படும்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டில் அதை விட்டு, மேலே சில சொட்டுத் திரவம் விடுவார்கள். இருபது நிமிடத்துக்குள் முடிவு வந்துவிடும். 'சி' (C) என்ற எழுத்துக்கு நேராக ஒரு கோடு கண்டிப்பாக வர வேண்டும், அது சோதனை ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம். அங்கே கோடு இல்லையென்றால் அந்தப் பட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றில் திரும்பச் செய்ய வேண்டும். 'டி'-க்கு (T) நேராகவும் கோடு வந்தால் எதிர்வினை இருக்கிறது என்று பொருள். அது மங்கலாக இருந்தாலும் எதிர்வினைதான். "லேசாத்தானே இருக்கு" என்று ஆறுதல் சொல்லி அனுப்பக் கூடாது.

படி 3: இரண்டாவது பரிசோதனை, ஆட்கள் நழுவும் இடம்

முதல் பரிசோதனை தேடுவது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி உள்ளே வந்துபோனதா, இன்னும் இருக்கிறதா என்று அது சொல்லாது. தானாகக் குணமானவருக்கும், மருந்தால் குணமானவருக்கும் எதிர்ப்பொருள் ஆயுள் முழுக்க இருக்கும். அதனால் இரண்டாவதாக, கிருமியின் மரபுப்பொருளையே தேடும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து, ரத்தத்தில் கிருமி இப்போது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில இடங்களில் கிருமியின் உட்புரதத்தைத் தேடும் சோதனையும் செய்வதுண்டு.

இதற்குக் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர நாளாகும். இந்த இடைவெளியில்தான் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒருவர் தனக்கு நோய் உறுதி என்று நினைத்து இடிந்துபோய், யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இன்னொருவர் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மறந்துவிடுகிறார். லீவு கிடைக்காததும் பெரிய காரணம். பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் லீவு எடுத்தாலே வருகைப் படி போய்விடும்.

ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான்: கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே, அன்றைக்கே இரண்டாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும். அப்புறம் முடிவு எப்போது வரும், யார் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் எந்த எண்ணுக்கு நாம் கூப்பிடலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன் நம்பர் மாறியிருந்தால் கவுண்டரில் திருத்தச் சொல்லுங்கள். ப்ரீபெய்ட் சிம்மை அடிக்கடி மாற்றுபவர்களைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல் போவது சர்வசாதாரணம்.

கிருமி இல்லை என்று வந்தால் நல்லது, மருந்து தேவையில்லை. அண்மையில் ஆபத்தான தொடர்பு எதுவும் நடந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லி, திரும்ப எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

படி 4: உங்கள் பெயர் எங்கே போகிறது

"பேரு கவர்மென்டுக்குப் போயிடுமாமே" என்ற பயத்திலேயே ஒதுங்குபவர்கள் உண்டு. ஆமாம், போகும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கிருமியால் வரும் ஹெபடைடிஸ் அறிவிக்க வேண்டிய நோய். அரசாங்க டாக்டரானாலும் தனியார் கிளினிக் டாக்டரானாலும் ஒரு வாரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பினாங்கில் தீவுப்பகுதிக்கு இரண்டு, செபராங் பிறைக்கு மூன்று என மாவட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த மாவட்டம் உங்களைத் தொடர்புகொள்ளலாம்.

எப்போது ரத்தம் ஏற்றினீர்கள், எங்கே பச்சை குத்தினீர்கள், டயாலிசிஸ் செய்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஒரே டயாலிசிஸ் மையத்தையோ ஒரே கடையையோ பலர் குறிப்பிட்டால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியவரும். இந்தத் தகவல் முதலாளிக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ போவதற்கானது அல்ல. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல விரும்பாத கேள்வி வந்தால், சொல்ல விரும்பவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை. பொய்யான பதில் கணக்கை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அறிவிப்பு தவிர, ரத்த வங்கிகளின் பரிசோதனை, டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிய தேசியப் பதிவேடு ஆகியவற்றிலிருந்தும் நாட்டின் நிலவரம் தெரிகிறது. ஆனால் பரிசோதிக்காதவர் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டார். 2030க்குள் புதிய தொற்றுகளை 90 விழுக்காடும், இறப்புகளை 65 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இந்தப் பதிவு சரியாக இல்லாவிட்டால் இலக்கை நெருங்குகிறோமா என்றே தெரியாது.

படி 5: மருந்துக்கு முன்

கல்லீரல் எந்த அளவு கெட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். ஏ.எஸ்.டி. என்ற நொதியின் அளவையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் வைத்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். அது குறைவாக இருந்தால் கிளினிக்கிலேயே சிகிச்சை நடக்கலாம். கூடினால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கும் நிபுணரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடோயின், கார்பமஸபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாதவை. நாட்டு மருந்து, லேகியம், ஊரிலிருந்து வந்த சூரணம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கீழாநெல்லி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அது இந்தக் கிருமியை அழிக்காது, அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

படி 6: பன்னிரண்டு வாரம்

சோஃபோஸ்புவிரோடு டாக்லாடஸ்விர் என்ற இரட்டை மருந்து இங்கே பழக்கமானது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வில் சோஃபோஸ்புவிரோடு சேர்ந்து 97 விழுக்காட்டினரைக் குணமாக்கிய ராவிடஸ்விர் என்ற மருந்து 2021இல் இங்கே பதிவானது. பழைய இன்டர்ஃபெரான் ஊசி நாட்களில் காய்ச்சலும் சோர்வும் ஆளைப் படுக்கவைத்துவிடும். அதைப் பார்த்து பயந்தவர்கள் இன்றும் சிகிச்சை என்றாலே ஒதுங்குகிறார்கள். இப்போது தினம் ஒருமுறை மாத்திரைதான். கொஞ்சம் தலைவலியோ அசதியோ வரலாம். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு 24 வாரம் வரை போகலாம், அல்லது ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்ப்பார்கள். ரிபாவிரின் சாப்பிடும் காலத்திலும் அதன்பின் ஆறு மாதமும் ஆணோ பெண்ணோ குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டும்.

தைப்பூச விரதம் இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சோஃபோஸ்புவிர், டாக்லாடஸ்விர் இரண்டையும் சாப்பாட்டோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். ஷிஃப்ட் மாறுபவர்கள் தூங்கும் நேரத்தோடு மாத்திரையைச் சேர்க்காதீர்கள், வாரத்துக்கு வாரம் அது மாறும். ஷிஃப்ட் எதுவானாலும் மாறாத ஒரு கடிகார நேரத்தைப் பிடித்துக்கொண்டு போனில் அலாரம் வையுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள், மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கிருமி குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கலாம். அடிக்கடி பார்த்து, தாழ்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 7: முடித்த பிறகும் ஒரு தேதி இருக்கிறது

கடைசி மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். அப்போதும் கிருமி இல்லையென்றால்தான் குணமானதாகக் கணக்கு. விரல் நுனிச் சோதனை அதன் பிறகும் எதிர்வினை காட்டும், பயப்பட வேண்டாம். கல்லீரல் சுருக்கம் வந்தவர்கள் குணமான பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், புற்றுநோய் ஆபத்து முழுதாகப் போவதில்லை. குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம், ஒருமுறை வந்துபோனதால் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

வீட்டிலும் கோயிலிலும் தடுப்பது

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, கழிவறையாலோ, கொசுவாலோ இது பரவாது. தொற்று உள்ள மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கும் வீட்டில் யாருக்கும் அதனால் பாதுகாப்பு இல்லை, அந்தப் பெண்ணுக்கு வேதனைதான். தாய்ப்பாலும் கொடுக்கலாம், மார்புக்காம்பு வெடித்து ரத்தம் வரும்போது மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும்.

நான் கவலைப்படுவது வீட்டுச் சர்க்கரை மெஷினைப் பற்றி. வரவேற்பறை மேசையில் ஒரு மெஷின், ஒரு குத்தும் பேனா. அப்பா குத்திக்கொள்வார், அம்மா குத்திக்கொள்வார், பார்க்க வந்த மாமாவும் "எனக்கும் ஒண்ணு பாரு" என்று விரலை நீட்டுவார். பலர் ஊசியையே மாற்றுவதில்லை. மாற்றினாலும் போதாது, ஏனென்றால் விரலை அழுத்தி வைக்கும் பேனாவின் முனைமூடியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். இந்தக் கிருமி உலர்ந்த ரத்தத்தில் நாள்கணக்கில், சில சூழலில் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். குத்தும் பேனா ஆளுக்கு ஒன்று, ஊசி ஒவ்வொரு தடவையும் புதிது, இன்சுலின் பேனாவும் அப்படியே. மெஷினைப் பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் பிறகு துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி இவற்றையும் பகிர வேண்டாம்.

தண்ணீர்மலையிலும் பத்துமலையிலும் அலகு குத்துபவர்களுக்கு: ஒருவருக்குக் குத்திய வேலையோ கொக்கியையோ துடைத்துவிட்டு இன்னொருவருக்குக் குத்தக் கூடாது. புதிதாக இருக்க வேண்டும், அல்லது ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். குத்தும் குருசாமி கையுறையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். முடிகாணிக்கைக்குப் புது பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சொந்த பிளேடைக் கொண்டுபோய்க் கொடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஊசி போடும் பழக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் 2006இல் தொடங்கியபோது பினாங்கும் கோலாலம்பூரும் ஜொகூர் பாருவும்தான் முதல் இடங்கள். போதை ஊசிக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் மெதடோன் மருந்துச் சிகிச்சை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. "போதைக்கு உதவி செய்யுறாங்க" என்று அப்போது பலர் பொங்கினார்கள். பகிராத ஊசி ஒவ்வொன்றும் ஒரு தொற்றைத் தடுக்கக்கூடியது. வீட்டில் அப்படி ஒரு தம்பி இருந்தால் அவரைத் திட்டித் துரத்துவதைவிட, மெதடோன் தரும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்ய வைப்பதே குடும்பத்துக்கு நல்லது.

சங்கமோ கோயிலோ முகாம் நடத்தினால்

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். அதையொட்டி மண்டபத்தில் முகாம் வைப்பது நல்ல எண்ணம். ஆனால் எத்தனை பேருக்கு விரல் குத்தினோம் என்று மட்டும் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளும் முகாமால் பயனில்லை. பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கோடு முன்கூட்டியே பேசி, பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள். குத்திய ஊசிகளைப் போட ஊசிப் பெட்டி வேண்டும், சாதாரணக் குப்பைப் பையில் போடக் கூடாது. எதிர்வினை வந்தவருக்கு அங்கேயே இரண்டாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க முடியுமா என்று முன்பே பேசிவையுங்கள். முடிவைச் சொல்ல ஒரு தனி அறை கட்டாயம், திரைச்சீலை போதாது.

ஒரு நோட்டில் ஐந்து எண்ணிக்கை போதும்: பரிசோதித்தவர், எதிர்வினை வந்தவர், கிருமி உறுதியானவர், மருந்து தொடங்கியவர், 12 வாரம் கழித்துக் குணம் உறுதியானவர். எந்த இரண்டு எண்ணுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் ஆட்கள் விட்டுப்போகிறார்கள். பெயரும் போன் நம்பரும் அவரவர் சம்மதத்தோடு வேறு தாளில், ஒரே ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். அந்தத் தாள் கமிட்டிக் கூட்டத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ வரக் கூடாது. தேதியை ஞாபகப்படுத்தக் கூப்பிடும்போது வேறு யாராவது போனை எடுத்தால் நோயின் பெயரையோ கிளினிக்கின் பெயரையோ சொல்லாதீர்கள். "அண்ணன் வந்ததும் நானே திரும்பக் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, மறக்காமல் திரும்பக் கூப்பிடுங்கள்.